ஊர் எல்லைப் பலகை

நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில்
ஒரு பச்சைப் பலகை, அதில் இரண்டு எண்கள்.
உயரம் மூவாயிரத்து அறுநூற்று இருபது அடி:
அதை நான் தொட்டதே இல்லை.
மக்கள்தொகையைப் பதினோரு வருடத்தில்
ஆறு முறை மாற்றிவிட்டேன்.
இப்போதெல்லாம் அந்தத் தகட்டின் திருகாணியை
முழுதாய் முறுக்குவதில்லை.

நகராட்சிப் பலகைப் பட்டறையில் நாங்கள் இரண்டே பேர்,
நானும் ஆர்வில் டிராஸ்க்கும்.
புதுத் தெருக்களின் பெயர்கள் மேலிடத்திலிருந்து வரும்.
எந்தப் பிராணியை விரட்டிவிட்டுத் தெரு போட்டார்களோ
அதன் பெயர்தான் வழக்கம்.
போன வாரம் முயல் வளைவு.
பிராணிகள் தீர்ந்துபோனால்? என்றான் ஆர்வில்.
பூச்சிகள் இருக்கின்றனவே என்றேன்.

மேற்கே பனிமலைகள், மழை மேகத்தை வழிமறித்து
மொத்தமாய்த் தாங்களே குடித்துவிடுகின்றன.
எங்களுக்கு வருவது மிச்சம்:
வருடத்துக்குப் பதினோரு அங்குலம்.
அந்த மிச்சத்தில்தான் ஜூனிபர் மரங்கள்
முறுக்கிப் பிழிந்த துணிபோல் நிற்கின்றன.
தூறல் விழுந்த மறுநிமிடம் சேஜ் புதர்களிலிருந்து
ஒரு கசப்பு வாசனை கிளம்பும்.
அதற்காகவே குடிவந்தோம் என்பார்கள் கலிபோர்னியாக்காரர்கள்.
பிறகு ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவார்கள்.

காலையில் பனிச்சறுக்கு, மதியம் ஆற்றில் பலகைப் படகு,
சாயங்காலம் பாறையில் தொங்கல், இரவு பீர்.
எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள்.
கார்களின் தலையில் படகு, முதுகில் சைக்கிள்,
உள்ளே ஒரு நாய், ஓரமாய் ஓட்டுநர்.
ஆகஸ்டில் காடு எரிந்து வானம் தேன் நிறமாகும்.
அப்போதும் முகமூடி கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மரம் அறுத்த பழைய ஆலையின் புகைபோக்கிகளை
இடிக்காமல் விட்டு, கீழே கடைகள் கட்டினார்கள்.
ஆர்விலின் அப்பாவுக்கு ரம்பத்தில் இரண்டு விரல் போனது
எந்த இடத்தில் என்று அவனுக்குத் தெரியும்.
அங்கே இப்போது கையுறை விற்கிறார்கள்.
ஜோடி தொண்ணூறு டாலர்.
மூன்று விரலுக்குத் தள்ளுபடி உண்டா என்று
ஒருமுறை கேட்டும் பார்த்திருக்கிறான்.

அக்டோபரில் ஒரு உத்தரவு வந்தது:
வனச் சாலை ஓரம் இரவில் வண்டி நிறுத்தத் தடை,
பதினான்கு பலகைகள்.
நான்காம் மைலில் குழி தோண்டினேன்.
ஒரு சாண் மண், அதன் கீழே எரிமலைக் குழம்பு இறுகிய பாறை.
துளைக்கருவிச் சத்தத்தில்
வெள்ளை வேன் ஒன்றின் கதவு திறந்தது.

மெய்ட்டே ஒலபாரியா.
பனிச்சறுக்கு மலையில் நாற்காலி லிஃப்ட் இயக்குபவள்.
ஊருக்குள் ஒற்றை அறை வாடகை
அவள் சம்பளத்தை முழுங்கி
ஏப்பம்கூட விடாது.
சட்டத்தைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கம்பத்தை நான் தனியாய்ப் பிடிக்கத் திணறியபோது
வந்து பிடித்துக்கொண்டாள்.
இடப்பக்கம் கொஞ்சம், என்றாள்,
ம், இப்போது நேர்.

சிமென்ட் இறுகும்வரை காபி கொடுத்தாள்.
அவளுடைய கொள்ளுத்தாத்தா பாஸ்க் நாட்டிலிருந்து வந்து
இதே மேட்டில் ஆடு மேய்த்தாராம்.
அவரும் சக்கரம் வைத்த வண்டியில்தான் படுத்தாராம்.
அப்போது பலகை இல்லை, என்றாள், சிரித்தபடி.
எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது எங்கே?
ஆறாம் மைல்.
எப்போது?
வியாழக்கிழமை.
அப்படியானால் புதன்வரை தூக்கம் உண்டு,
என்று போர்வையை உதறினாள்.
சேஜ் இலைத் துணுக்குகள் என் பூட்ஸில் விழுந்தன.

எல்லைப் பலகைக்கு இந்த மாதம் புது எண் வந்திருக்கிறது.
அதன் கடைசி இலக்கத்துக்குள் அவள் இருக்கிறாளா
என்று யாரைக் கேட்பது?
எண்ணியவர்கள் கதவுகளைத் தட்டியிருப்பார்கள்.
வேனின் கதவு தட்டுவதற்கல்ல, இழுப்பதற்கு.

வியாழக்கிழமை ஆறாம் மைலுக்குப் போனேன்.
மறுபடியும் பாறை.
பத்து நிமிடத்தில் துளைக்கருவியின் முனை உடைந்தது.
லாரியில் இன்னொரு முனை இருந்தது.
இல்லை என்று ஆர்விலுக்குப் போன் செய்தேன்.